லிஸ்பன் கோட்டைக்கு முழங்கால் வலி உள்ள அம்மாவை எப்படிக் கூட்டிப் போவது?

லிஸ்பனில் பைஷா பகுதியில் தங்கியிருக்கிறோம். அம்மாவுக்கு வயது 68, முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆனவர். சமதரையில் மெதுவாக நடப்பார். ஏற்றமும் உயரமான படியும்தான் சிக்கல். ஊன்றுகோல் உண்டு, சக்கர நாற்காலி இல்லை.

பெலெம் பக்கம் பிரச்சினையே இல்லை. 15-ஆம் எண் டிராமில் போய் ஜெரோனிமோஸ் மடாலயத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறையைப் பார்த்துவிட்டோம். ஆற்றங்கரை முழுக்கச் சமதளம்.

மலை மேல் இருக்கும் சாவோ ஜார்ஜ் கோட்டைதான் மிச்சம். அந்தப் பக்கம் போகும் 28-ஆம் எண் டிராமுக்குக் காத்திருந்து பார்த்தோம். வந்ததெல்லாம் நிரம்பி வழிந்தது. 1930-களின் வண்டி வேறு, படி உயரம். அப்புறம் ஃபான்கெய்ரோஸ் தெருவில் உள்ள இலவச லிஃப்டிலும், அதற்கு மேலே சூப்பர் மார்க்கெட் கட்டிட லிஃப்டிலும் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். பாதி மலை வரைதான். மிச்சம் முழுக்கச் சரிவான கல் பாதை, தேய்ந்து வழுக்குகிறது. மழைத் தூறல் விழுந்தால் எனக்கே பயம். கோட்டையை ஒட்டிய சந்துகளில் கார் போகக் கட்டுப்பாடு இருப்பதால் டாக்சியும் சரிவரவில்லை.

‘வேறு இடம் போங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். 1147-இல் போர்ச்சுகலின் முதல் மன்னர் அஃபோன்சோ என்ரிக்கஸ் பிடித்த கோட்டை என்பதைவிட, உள்ளே மயில்கள் உலாவும் என்று கேட்டதிலிருந்து அம்மா விடுவதாக இல்லை.

ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து 737-ஆம் எண் சிறிய பேருந்து மேலே போகிறது. இந்த வார இறுதிக்குள் போக வேண்டும். அதில் முதியவர்களைக் கூட்டிப் போனவர்கள் சொல்லுங்கள்: இறங்கும் இடத்திலிருந்து கோட்டை வாசல் வரை எவ்வளவு ஏற்றம் நடக்க வேண்டியிருக்கும்?