ஃபர்னஸ் பற்றியதும் அணைகிறது: மூன்று பாகத்தையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

வீட்டில் இருப்பது 11 வருடப் பழைய கேஸ் ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் கருவி), புகை பிவிசி குழாய் வழியாகப் போகும் ஹை எஃபிஷியன்சி வகை. தெர்மோஸ்டாட் (அறையின் சூட்டைக் கவனிக்கும் கருவி) சூடு கேட்டதும் சின்ன மோட்டார் சுற்றுகிறது, இக்னைட்டர் ஆரஞ்சு நிறத்தில் பழுக்கிறது, பர்னர் பற்றுகிறது. நாலைந்து வினாடியில் அணைந்துவிடுகிறது. சில முறை இப்படியே முயன்றுவிட்டு ஒரு மணி நேரம் போல அசையாமல் கிடக்கிறது. பிறகு மறுபடி அதே கதை.

பார்க்க வந்த டெக்னீஷியன் கண்ட்ரோல் போர்டு (ஃபர்னஸை இயக்கும் மின்பலகை), இக்னைட்டர், ஃபிளேம் சென்சர் மூன்றையும் மாற்றச் சொல்லி எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். மீட்டர் வைத்து எதையும் அளக்கவில்லை. மூன்றும் ஒரே சமயத்தில் போகுமா? எஸ்டிமேட்டில் எது நியாயம், எது அநாவசியம் என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில் 1

மூன்றும் சேர்ந்து போவது அபூர்வம். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ஃபர்னஸ் ஒரு வரிசைப்படிதான் வேலை செய்யும். எந்தப் படியில் நிற்கிறதோ, கோளாறு அங்கேதான்.

தெர்மோஸ்டாட் 24 வோல்ட் சிக்னல் தந்ததும் இன்டியூசர் மோட்டார் சுற்றிப் புகைப் பாதையில் இழுவிசை உண்டாக்கும். அந்த இழுவிசை போதுமான அளவுக்கு வந்ததும் பிரஷர் ஸ்விட்ச் மூடும், அதாவது மின் இணைப்பு சேரும். அடுத்து இக்னைட்டர் சூடாகும், கேஸ் வால்வு திறக்கும், பர்னர் பற்றும். தீ உண்மையிலேயே எரிகிறது என்று ஃபிளேம் சென்சர் சில வினாடிக்குள் போர்டுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வால்வு மூடிவிடும். எரியாத கேஸ் உள்ளே சேரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

உங்களுடையது கடைசிப் படி வரைக்கும் வருகிறது. தீ பற்றுகிறது என்றாலே இக்னைட்டர் நன்றாக இருக்கிறது. இழுவிசையைச் சரிபார்த்து, வரிசை தவறாமல் வால்வைத் திறந்து, தீ தெரியாததால் மூடியும் விடுகிறது என்றால் போர்டும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மிச்சம் ஃபிளேம் சென்சர். அதுகூட அநேகமாகக் கெட்டிருக்காது, அழுக்குப் படிந்திருக்கும்.

சென்சர் என்பது வெள்ளைப் பீங்கானில் பொருத்திய ஒரு உலோகக் கம்பி, அவ்வளவுதான். தீ வழியாக மிக மெல்லிய டிசி மின்னோட்டம் பாயும்; போர்டு அதைத்தான் பார்க்கிறது. பொதுவாக 2 முதல் 6 மைக்ரோ ஆம்பியர் வரை இருக்கும். 1-க்குக் கீழே இறங்கினால் பல போர்டுகள் தீ இல்லை என்று முடிவுகட்டிவிடும். கம்பியின் மேல் படியும் கண்ணாடி போன்ற மெல்லிய படலமே இதற்குப் போதும். பார்த்தால் பளபளவென்றுகூட இருக்கும், அதை நம்ப வேண்டாம்.

சுத்தம் செய்யும் முறை: ஃபர்னஸ் கதவைத் திறக்கும் முன் போர்டில் உள்ள சின்ன விளக்கு எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ணி வையுங்கள். மின்சாரத்தை அணைத்தால் பல மாடல்களில் அந்தக் கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) அழிந்துவிடும். கோடு அட்டவணை கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். பிறகு மின்சாரம், கேஸ் இரண்டையும் அணையுங்கள். சென்சரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு ஸ்க்ரூ, பெரும்பாலும் கால் அங்குல ஹெக்ஸ். ஒற்றை வயரைக் கழற்றி வெளியே இழுத்து, நைஸான ஸ்டீல் வூலால் கம்பியை மட்டும் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டுங்கள். பீங்கானில் விரிசல் இருந்தால் மட்டும் புதுசு வாங்குங்கள். பக்கத்தில் இருக்கும் இக்னைட்டரைக் கையால் தொடாதீர்கள். லேசாக இடித்தாலே உடையும். விரல் எண்ணெய் பட்ட இடம் சீக்கிரம் வெடிக்கும்.

பதில் 2

பில் விஷயத்துக்கு வருகிறேன். ஃபர்னஸ் பில்லில் பாகத்தின் விலையைவிட வந்து பார்ப்பதற்கான கட்டணமும் கூலியும்தான் அநேகமாகப் பெரிது. ராத்திரி, விடுமுறை நாளில் கூப்பிட்டால் இன்னும் ஏறும். ஃபிளேம் சென்சர் மிக மலிவான பாகம், மாற்ற 15 நிமிடம் போதும். சில இடங்களில் நேரக்கணக்கு இல்லாமல் வேலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் போடுவார்கள். அதில் மூன்று பாகத்தை எழுதினால் மூன்று தடவை கூலி சேர்ந்துவிடும், ஒரே கதவைத்தான் திறக்கிறார்கள் என்றாலும்.

செலவு ஏறும் வரிசை சுமாராக இது: ஃபில்டர், ஃபிளேம் சென்சர், ப்ளோயர் (சூடான காற்றை வீட்டுக்குள் தள்ளும் விசிறி) கெபாசிட்டர் அடிமட்டம். இக்னைட்டர், பிரஷர் ஸ்விட்ச், லிமிட் ஸ்விட்ச் (சூடு மீறினால் பர்னரை அணைப்பது) அதற்கு மேல். கண்ட்ரோல் போர்டு, இன்டியூசர், கேஸ் வால்வு நடுவில். ப்ளோயர் மோட்டார் ஈசிஎம் (மின்னணு முறையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும்) வகையாக இருந்தால் சாதா மோட்டாரைவிட நன்றாகவே கூடும். உச்சியில் ஹீட் எக்ஸ்சேஞ்சர், அதாவது தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் உலோகப் பகுதி. அதற்கு ஃபர்னஸையே பிரித்தெடுக்க வேண்டும்.

போர்டு மாற்றச் சொன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த இடத்தில் வோல்டேஜ் வந்தது, எந்த இடத்தில் வரவில்லை? அளந்தவர் உடனே சொல்வார். போர்டு செத்ததுபோல் தெரிந்தாலும் முதலில் அதில் இருக்கும் 3 அல்லது 5 ஆம்ப் ஃப்யூஸைப் பாருங்கள், கார் ஃப்யூஸ் போலவே இருக்கும். தெர்மோஸ்டாட் வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் அது போய்விடும்.

வாரண்டியையும் பாருங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் பல கம்பெனிகள் 20 வருடம் வரையோ அதற்கு மேலோ தருகின்றன. ஆனால் அது பாகத்துக்கு மட்டும், கூலி உங்கள் தலையில்தான். ஃபர்னஸ் பொதுவாக 15 முதல் 20 வருடம் ஓடும். 11 வருடத்தில் சென்சருக்காகப் புது ஃபர்னஸ் பற்றி யோசிக்கவே வேண்டாம். ரிப்பேர் செலவு புதுசின் பாதி விலையைத் தொட்டால் அப்போது யோசிக்கலாம்.

கேள்வி கேட்டவர்

ஸ்டீல் வூலால் தேய்த்து மாட்டியாயிற்று, தீ நிற்கிறது. மிக்க நன்றி. ஆனால் 10 நிமிடம் ஓடியதும் பர்னர் மட்டும் அணைகிறது, ப்ளோயர் ஓடிக்கொண்டே குளிர்ந்த காற்றைத் தள்ளுகிறது. கொஞ்ச நேரத்தில் தானாகப் பற்றுகிறது. இது சென்சர்தானா?

பதில் 3

இல்லை, இது வேறு. சென்சர் கோளாறு என்றால் தீ பற்றிய சில வினாடியிலேயே காட்டிவிடும். 10 நிமிடம் ஓடி அணைந்து, ப்ளோயர் மட்டும் சுற்றுகிறது என்றால் லிமிட் ஸ்விட்ச் திறக்கிறது. உள்ளே அளவுக்கு மீறிச் சூடேறுகிறது, காற்று போதவில்லை.

முதலில் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது. 1 அங்குலத் தடிமனில் மிக அடர்த்தியான ஃபில்டர் போடுவதும் காற்றை நெரிக்கும். அடுத்து, மூடி வைத்த வென்ட்களைத் திறங்கள். அப்புறம் ப்ளோயர் சக்கரத்தின் இதழ்களில் தூசி அப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபர்னஸின் பெயர்ப்பலகையில் டெம்பரேச்சர் ரைஸ் என்று ஒரு வரம்பு அச்சிட்டிருக்கும். உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் சூடான காற்றுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குள் இருக்க வேண்டும்.

லிமிட் ஸ்விட்சை பைபாஸ் செய்து ஓட்டவே கூடாது. திரும்பத் திரும்பச் சூடேறித்தான் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் விழுகிறது. ப்ளோயர் ஓட ஆரம்பித்ததும் பர்னர் தீ ஆடினாலோ சாய்ந்தாலோ சந்தேகப்படுங்கள். விரிசல் என்று யாராவது சொன்னால் கேமராவில் எடுத்த படத்தைக் கேளுங்கள். உண்மையாகவே இருந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். விரிசல் வழியாக நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு வீட்டுக் காற்றில் கலக்கலாம், அதற்கு வாசனை கிடையாது. படுக்கையறைக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று: சென்சர் சில வாரத்திலேயே மறுபடி மக்கர் செய்தால் திரும்பத் தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள். அந்த மின்னோட்டம் பர்னர் வழியாகப் பாடிக்குப் போய் கிரவுண்டுக்குச் சேர வேண்டும். கிரவுண்டு வயர் தளர்ந்திருந்தாலோ பர்னர் இருக்கும் இடம் துருப்பிடித்திருந்தாலோ சென்சர் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. அதைப் பார்க்கும்போது டிரெயின் டிராப்பையும் (தண்ணீர் வடியும் வழியில் இருக்கும் சின்னக் கிண்ணம் போன்ற பாகம்) கழுவிவிடுங்கள். உங்களுடைய ஹை எஃபிஷியன்சி ஃபர்னஸ் புகை குளிர்ந்து தண்ணீர் விடும் வகை. டிராப் அடைத்தால் பிரஷர் ஸ்விட்ச் மூடாது, இக்னைட்டர் பழுக்கவே பழுக்காது.