டியூஷனை நிறுத்தியாச்சு, ஐசி (சிங்கப்பூர் அடையாள அட்டை) காப்பி மட்டும் அங்கயே இருக்கு, என்ன பண்றது?

ஈசூன்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையன் பி5 (தொடக்கப்பள்ளி அஞ்சாம் வகுப்பு). போன வருஷம் ஒரு டியூஷன் சென்டர்ல (பேரு வேணாம்) சேத்தப்ப ரெஜிஸ்ட்ரேஷனுக்குன்னு என் ஐசி ரெண்டு பக்கமும், அவனோட பர்த் சர்டிஃபிகேட்டும் வாட்ஸ்அப்ல வாங்கிக்கிட்டாங்க. ஜூன் லீவோட நிறுத்திட்டோம். இப்ப என்னடான்னா வேற ஏதோ மேத்ஸ் சென்டர்லேர்ந்து போன், பையன் பேரைச் சொல்லி அடுத்த வருஷம் பிஎஸ்எல்இ (ஆறாம் வகுப்புப் பொதுத்தேர்வு) ஆச்சே மேடம்ங்குறாங்க, நம்பர் யாரு குடுத்தான்னு கேட்டா டக்குன்னு கட் பண்றாங்க. பழைய சென்டர்ல கேட்டா நாங்க யாருக்கும் குடுக்கல, ஆனா ரெக்கார்டை அழிக்க முடியாது, கம்பெனி பாலிசியாம். இதுக்கு சட்டம் ஏதும் இருக்கா?

செங்காங்_வாசு:
சட்டம் இருக்கு சிஸ், ஆனா 2018ல சிங்ஹெல்த் ஆஸ்பத்திரிக் குழுமத்துலேர்ந்தே 15 லட்சம் பேரோட விவரம் திருடு போச்சு, அப்ப பிரதமரா இருந்தவரோடதும் சேத்து. 2024 டிசம்பர்ல பிஸ்ஃபைல்ங்கிற அரசாங்க கம்பெனிப் பதிவு வெப்சைட்ல பேரைத் தட்டுனா முழு ஐசி நம்பரும் வந்துச்சு. அப்புறம் டியூஷன் சென்டரைப் பிடிச்சு என்ன லா செய்யப் போறீங்க.

கணக்குப்பிள்ளை:
வாசு சொல்றதுல பாதி சரி. சிங்ஹெல்த் விஷயத்துல 2019ல சிங்ஹெல்த்துக்கும் அதோட ஐடி நிறுவனத்துக்கும் சேத்து 10 லட்சம் வெள்ளி அபராதம் போட்டாங்க, அதை விட்டுட்டீங்களே. அரசாங்க ஏஜென்சிக்கு பிடிபிஏ (தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்) பொருந்தாது, அதுக்கு வேற சட்டம். டியூஷன் சென்டர் தனியார், அதனால தப்பிக்க முடியாது.

எங்க கம்பெனில டேட்டா புரொடெக்‌ஷன் ஆபிசர் (தகவல் பாதுகாப்பு அதிகாரி) வேலையையும் என் தலையில கட்டிட்டாங்க, அதனால இதெல்லாம் கொஞ்சம் அத்துப்படி. அக்கா, முதல்ல அந்த ஐசி காப்பியே வாங்கியிருக்கக் கூடாது. 2019 செப்டம்பர் 1லேர்ந்து சட்டப்படி தேவை இருந்தாலோ, ஆளை ரொம்பத் துல்லியமா உறுதி செய்ய வேண்டிய கட்டாயம் இருந்தாலோ தவிர ஐசி நம்பரோ காப்பியோ கேக்கக் கூடாதுன்னு இந்தச் சட்டத்தைப் பாத்துக்குற ஆணையம் பிடிபிசி சொல்லியாச்சு, பர்த் சர்டிஃபிகேட் நம்பருக்கும் அதே கதைதான். எந்தச் சட்டப்படி வாங்குனீங்கன்னு கேளுங்க, பாலிசின்னு சொன்னா அது பதில் இல்ல.

அழிச்சிடுன்னு நேரா உத்தரவு போடுற உரிமை நம்ம ஊர்ல கிடையாது, ஐரோப்பால இருக்குற மாதிரி இல்ல. ஆனா குடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கலாம், அதோட தேவை முடிஞ்ச தகவலை வச்சிருக்கவும் கூடாது. கட்டண ரசீது மாதிரி கணக்குக்கு வேண்டியதை வச்சிக்கலாம், ஐசி போட்டோ எதுக்கு?

இதைவிட முக்கியமான ஒண்ணை நிறைய பேரு யூஸ் பண்றதே இல்ல. என்னைப் பத்தி என்ன வச்சிருக்க, கடந்த ஒரு வருஷத்துல அதை எப்படி யூஸ் பண்ணின, யாருக்குக் குடுத்தன்னு எழுதிக் கேக்கலாம். 30 நாளுக்குள்ள பதில் சொல்லணும், முடியலன்னா எப்ப சொல்வோம்னாவது எழுதணும், பதில் தர ஒரு நியாயமான கட்டணம் கேக்கலாம் அவ்வளவுதான். கவுண்டர் பொண்ணுகிட்ட பேசி புண்ணியமில்ல, பாவம் அதுக்கென்ன தெரியும், எல்லா நிறுவனமும் டேட்டா புரொடெக்‌ஷன் ஆபிசர் ஒருத்தரைப் போட்டு தொடர்பு விவரத்தை வெளியில தெரியுற மாதிரி வச்சிருக்கணும், அவருக்கு ஈமெயில் போடுங்க. வாட்ஸ்அப் வேணாம்.

ஈசூன்_அம்மா:
ரொம்ப நன்றி அண்ணே. வெப்சைட்ல கீழ பொடி எழுத்துல ஒரு ஈமெயில் இருந்துச்சு, இப்பதான் அனுப்புனேன். பையன் சின்னப் புள்ள, அவனுக்காகவும் நானே கேக்கலாம்ல? அந்த மேத்ஸ் சென்டர் போனை எப்படி நிறுத்துறது?

கணக்குப்பிள்ளை:
தாராளமா கேக்கலாம், 13 வயசுக்குக் கீழன்னா அப்பா அம்மாதான் அவனுக்காகப் பேசணும். போனுக்கு டிஎன்சி ரெஜிஸ்ட்ரில (விளம்பர போன் வேணாம்ங்கிறவங்க பட்டியல்) நம்பரைப் பதிஞ்சிடுங்க, காசு கிடையாது. அதுக்கப்புறமும் நீங்க சம்மதம் குடுக்காத கடைக்காரன் போன் பண்ணுனா நம்பர், தேதி, நேரத்தோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து பிடிபிசிக்கு ஆன்லைன்ல புகார் குடுங்க. பழைய சென்டர் பதிலே சொல்லலன்னாலும் அங்கதான், இப்ப அனுப்புன ஈமெயில் அப்ப கைகொடுக்கும்.

துவாஸ்_செல்வம்:
நடுவுல பூந்து கேக்குறேன் அண்ணே, ரூம் வாடகைக்கு ஓனர் வொர்க் பர்மிட், பாஸ்போர்ட் ரெண்டும் கேக்குறாரு, இதையும் மாட்டேன்னு சொல்லலாமா

கணக்குப்பிள்ளை:
அது வேற தம்பி. தங்க வைக்கிற வெளிநாட்டுக்காரரோட பாஸ், பாஸ்போர்ட் ஒரிஜினலைச் சரிபார்க்க வேண்டியது ஓனரோட சட்டக் கடமை, மாட்டேன்னா ரூம் கெடைக்காது. நேர்ல காட்டுங்க. காப்பியும் கேட்டா மேல குறுக்க "ரூம் வாடகைக்கு மட்டும்"னு தேதி போட்டு எழுதிக் குடுங்க, போட்டோவையும் நம்பரையும் தொட்டுக்கிட்டு எழுதுங்க, ஓரத்துல எழுதுனா வெட்டிடுவாங்க. ஒரிஜினலை மட்டும் கைவிட்டுக் குடுத்துடாதீங்க.

செங்காங்_வாசு:
சரி சரி, நானும் ஜிம்முக்கு ஒரு ஈமெயில் போட்டுப் பாக்குறேன். விட்டு ரெண்டு வருஷமாச்சு, இன்னும் பர்த்டேக்கு ஆஃபர் அனுப்புறான்.