ஒன்பதாம் எண்ணுக்கு நிறம் கிடைக்கவில்லை

எண்களுக்கு நிறம் தீட்டும்போது தவிர்க்கவே முடியாமல் வந்து நிற்கும் அமைப்புகளை முதலில் எப்போது எதிர்கொண்டீர்கள் என்று எங்கள் மூவரையும் கேட்டிருந்தீர்கள். எனக்கு அது கல்லூரி முதலாண்டில் நிகழ்ந்தது. ஆசிரியர் 1 முதல் 9 வரை பலகையில் எழுதினார். ஒவ்வோர் எண்ணுக்கும் சிவப்பு அல்லது நீலம் கொடுக்க வேண்டும், ஆனால் சம இடைவெளியில் அமைந்த எந்த மூன்று எண்களும் ஒரே நிறம் பெறக் கூடாது என்றார். 1, 2, 5, 6 ஆகியவற்றுக்குச் சிவப்பும் 3, 4, 7, 8 ஆகியவற்றுக்கு நீலமும் கொடுத்து எட்டு வரை எளிதாக வந்துவிட்டேன். ஒன்பதைச் சிவப்பாக்கினால் 1, 5, 9 சேர்ந்துவிட்டன. நீலமாக்கினால் 7, 8, 9 சேர்ந்துவிட்டன. தொடக்கத்தில்தான் பிழை செய்திருக்கிறேன் என்று நம்பி, வகுப்பு முடியும்வரை அழித்து அழித்துத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவுதான் ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு வந்தேன். 4, 6 இரண்டும் சிவப்பு என்று கொள்வோம். அப்போது 2, 4, 6 என்ற வரிசையைத் தவிர்க்க 2 நீலமாக வேண்டும். அதே காரணத்தால் 5, 8 ஆகியவையும் நீலமாக வேண்டும். ஆனால் 2, 5, 8 சம இடைவெளியில் இருக்கின்றன. ஆகவே 4, 6 வேறு வேறு நிறம். 4 சிவப்பு, 6 நீலம் என்க. வரிசையைத் திருப்பி நிறங்களையும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், 5 சிவப்பு என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை. 4, 5 சிவப்பானதால் 3 நீலம். 3, 6 நீலமானதால் 9 சிவப்பு. 5, 9 சிவப்பானதால் 1, 7 நீலம். 6, 7 நீலமானதால் 8 சிவப்பு. 5, 8 சிவப்பானதால் 2 நீலம். இப்போது 1, 2, 3 மூன்றும் நீலம்! நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, ஒவ்வொரு நிறமும் முந்தைய நிறத்தால் விதிக்கப்பட்டது என்பதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. இப்படித் தீட்ட முடியாமல் போகும் எல்லை மூன்று எண்கள் கொண்ட வரிசைக்கு 9 என்றால், நான்கு எண்கள் கொண்ட வரிசைக்கு 35, ஐந்துக்கு 178, ஆறுக்கு 1132 என்று பின்னர் படித்தேன். ஏழுக்கான எல்லை இன்றுவரை துல்லியமாகக் கணிக்கப்படவில்லை.

* * *

மேலே முதலாமவர் சொன்னது ஒன்பது எண்களின் கதை. எத்தனை நிறங்கள் இருந்தாலும், எவ்வளவு நீளமான வரிசையைக் கேட்டாலும், போதுமான எண்களை எடுத்துக்கொண்டால் அது வந்தே தீரும் என்பதுதான் கணிதவியலாளர் வான் டெர் வார்டன் 1927-இல் வெளியிட்ட தேற்றம். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் எமில் ஆர்ட்டின், ஓட்டோ ஷ்ரயர் ஆகிய கணிதவியலாளர்களுடன் பலகைமுன் நின்று விவாதித்தபோதுதான் நிறுவல் பிறந்தது என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

அந்த நிறுவலின் கருவை நான் புரிந்துகொண்டது 325 என்ற எண்ணின் வழியாகத்தான்: 325 எண்களை இரு நிறங்களால் எப்படித் தீட்டினாலும் மூன்று எண் வரிசை ஒன்று ஒரே நிறத்தில் வந்தே தீரும் என்று அது காட்டுகிறது. ஒன்பதே போதும்போது எதற்கு இவ்வளவு பெரிய எண் என்று முதலில் சலித்துக்கொண்டேன். 325 எண்களை ஐந்தைந்தாக 65 கட்டங்களாகப் பிரியுங்கள். ஐந்து எண்களை இரு நிறங்களால் 32 விதமாகத்தான் தீட்ட முடியும். ஆகவே முதல் 33 கட்டங்களுக்குள் ஏதோ இரண்டு கட்டங்கள் அச்சு மாறாமல் ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் முதல் மூன்று எண்களில் இரண்டு ஒரே நிறம், சிவப்பு என்போம். அவற்றைத் தொடரும் சம இடைவெளி எண் அதே கட்டத்துக்குள் இருக்கிறது. அதுவும் சிவப்பானால் வேலை முடிந்தது. அது நீலமானால், ஒத்த இரு கட்டங்களுக்கு அடுத்துச் சம தூரத்தில் இருக்கும் மூன்றாம் கட்டத்தில், அதே இடத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அதை நோக்கி இரண்டு வரிசைகள் வருகின்றன: ஒன்று கட்டத்துக்குக் கட்டம் நேராகத் தாவும் நீல வரிசை, மற்றொன்று முதல் கட்டத்தின் முதற்சிவப்பிலிருந்து இரண்டாம் கட்டத்தின் இரண்டாம் சிவப்பு வழியாகச் சாய்வாக வரும் சிவப்பு வரிசை. அந்த ஓர் எண் எந்த நிறத்தை ஏற்றாலும் ஒரு வரிசை நிறைவுபெறும். ஒன்பதைக் காட்டும் நேரடிச் சோதனை பெரிய வரிசைகளுக்கு நீளாது, இந்த யோசனையோ எவ்வளவு தூரத்துக்கும் நீளும். அதனால்தான் எனக்கு 9-ஐவிட 325 அருமையானது.

* * *

மூன்றாமவனான நான் மென்பொருள் துறையிலிருந்து இதற்குள் வந்தவன். a² + b² = c² என்ற உறவுடைய மூன்று எண்கள் ஒரே நிறம் பெறாமல் இரு நிறங்களால் எதுவரை தீட்டலாம் என்ற கேள்விக்குக் கணிதவியலாளர் ரொனால்ட் கிரகாம் 100 டாலர் பரிசு அறிவித்திருந்தார். 2016-இல் ஹியூலே, குல்மன், மாரெக் ஆகிய கணினி ஆய்வாளர்கள் மூவரும் 7824 வரை முடியும், 7825 வரை முடியாது என்று கணினியால் நிறுவினார்கள். 800 பிராசஸர் கோர்கள் ஏறத்தாழ இரண்டு நாள் உழைத்தன, நிறுவலின் அளவு ஏறக்குறைய 200 டெராபைட். 7825 எண்களைத் தீட்டும் விதங்களின் எண்ணிக்கையே 2,356 இலக்கம் கொண்டது என்பதால், ஒவ்வொன்றாகச் சோதிப்பது நினைத்துப் பார்க்கவும் இயலாதது.

625, 7800, 7825 என்பதும் 5180, 5865, 7825 என்பதும் இந்த உறவுக்குப் பொருந்துகின்றன என்று காகிதத்தில் பெருக்கிச் சரிபார்த்தேன். 625, 7800 இரண்டும் சிவப்பிலும் 5180, 5865 இரண்டும் நீலத்திலும் அமைந்துவிட்டால் 7825-க்கு நிறம் ஏது என்று தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு தீட்டலிலும் ஏதோ ஒரு பொறி ஏன் அமைந்தே தீர வேண்டும் என்பதற்கு, மேலே இரண்டாமவர் சொன்ன 325 போல மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய காரணம் ஒன்றை அந்த 200 டெராபைட் எனக்குத் தரவில்லை. மூன்று நிறங்களுக்கு இதே கேள்வி விடையின்றி நிற்கிறது. அதைத்தான் இப்போது சிறிய எண்களில், கையாலேயே தீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.