ஓய்வில் இருக்கும் இதயத்துக்கு ஒரு மில்லி ரத்தமா?

காந்தக்காரர்: நாடிப்பிரியர் நேற்று இந்த மன்றத்தின் வேறொரு இழையில் போகிறபோக்கில் எழுதிவைத்தது இது: "எம்ஆர்ஐயில் அளந்தால், ஓய்வில் இருப்பவரின் இதயத் தசைக்குக் கிராம் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 1 மில்லி ரத்தம் வர வேண்டும். குறைந்தால் அடைப்பு." அந்த 1 எங்கிருந்து வந்தது? ஆரோக்கியமானவருக்கு 0.7 வந்தாலும் இயல்புதான். இதைப் படித்துவிட்டு எத்தனை பேர் ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வியர்த்துக் கொட்டுகிறார்களோ!

நாடிப்பிரியர்: வந்துவிட்டாரா! ஈசிஜி பற்றிய இழையில் என்னிடம் வாங்கியது இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. 1 என்பது என் கற்பனையல்ல. ஆய்வுக் கட்டுரைகளில் சராசரி 1 அருகே வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காந்தக்காரர்: சராசரியே 1 என்றால் ஏறக்குறைய பாதிப் பேர் அதற்குக் கீழேதானே இருப்பார்கள்? அத்தனை பேருக்கும் அடைப்பா? மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவனைக் கேட்டாலே 100 கிராமுக்கு 70 முதல் 80 மில்லி என்பான். வகுத்துப் பாருங்கள். வகுத்தல் வராவிட்டால் சொல்லுங்கள், உதவுகிறேன்.

புதியவள்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். "ஓய்வு" என்று எதைச் சொல்கிறீர்கள்? அந்த எம்ஆர்ஐ குழாய்க்குள் பயந்துபோய் நாடி 95இல் அடித்தால் அதுவும் ஓய்வுதானா?

நாடிப்பிரியர்: எனக்கு வகுத்தல் வரும் காந்தக்காரரே. உங்களுக்குத்தான் மரியாதை வரவில்லை. 1 என்றால் 1தான்.

ஸ்கேன்மேசை: இந்த இயந்திரத்தின் பக்கத்தில் வேலை பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன். படத்தில் ரத்தத்தை ஒளிரவைக்கும் கடோலினியம் மருந்தைக் கை ரத்தக்குழாயில் செலுத்தியதும் ஒவ்வொரு துடிப்புக்கும் படம் எடுக்கிறோம். முதலில் வலது கீழறை வெளுக்கும், நுரையீரலைச் சுற்றி வந்ததும் இடது கீழறை பளீரென்று ஒளிரும், அதன் பிறகுதான் இதயத் தசைச் சுவர் மெல்ல வெளுக்கத் தொடங்கும். சுவர் வெளுக்கும் வேகத்தை அறைக்குள் இருக்கும் ரத்தம் வெளுத்த விதத்தோடு ஒப்பிட்டுத்தான் கணக்கே. ஆனால் அறைக்குள் மருந்து செறியச் செறிய வெளிச்சம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. வெளிச்சம் ஏறி இறங்குவதைக் காட்டும் வரைகோட்டின் உச்சி மழுங்கிவிடும். அதைத் திருத்தாமல் கணக்குப் போட்டால் தசையின் ரத்த ஓட்டம் உள்ளதைவிட அதிகமாக வரும். இதற்காகத்தான் முதலில் நீர்த்த மருந்தைச் செலுத்திப் பார்ப்பதும், ஒவ்வொரு துடிப்பிலும் அறைக்கென்று துல்லியம் குறைந்த இன்னொரு படம் எடுப்பதும். எண்ணை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் அது எந்த முறையில் வந்த எண் என்று சொல்லிவிட்டுப் போடலாம்.

காந்தக்காரர்: ஆக, அந்த 1 மழுங்கிய உச்சியில் பிறந்த 1! வழக்கு முடிந்தது.

ஸ்கேன்மேசை: நான் அப்படிச் சொல்லவேயில்லை ஐயா. உங்கள் தீர்ப்பை என் வாயில் திணிக்காதீர்கள். திருத்திய கணக்கிலும் 1 வருகிறவர்கள் உண்டு. பெண்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே வருகிறது.

பெட்பக்தன்: ஆக்சிஜன்-15 என்ற கதிரியக்க ஆக்சிஜன் கலந்த நீரைச் செலுத்தி, அந்தக் கதிரியக்கத்தைப் படமெடுக்கும் பெட் ஸ்கேனில் அளப்பதுதான் அளவு. காந்தத்தை வைத்துக்கொண்டு இதற்கு இவ்வளவு கூச்சலா?

காந்தக்காரர்: அந்த ஆக்சிஜனின் அரை ஆயுள் 2 நிமிடம். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரத்தை வீட்டுக் கொல்லையில் வைத்திருக்கிறீர்களோ? பேச வந்தது 1 பற்றி. அதற்கு மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை. 1974இல் அமெரிக்க இதய மருத்துவர் லான்ஸ் கூல்ட் குழுவினர் நாய்களில் காட்டியதைக் கேளுங்கள்: இதயத் தமனியின் விட்டம் சுமார் 85 விழுக்காடு சுருங்கும்வரை ஓய்வு நிலை ரத்த ஓட்டம் குறையவே இல்லை. கீழே இருக்கும் நுண்குழாய்கள் விரிந்து ஈடுகட்டிவிடுகின்றன. ஓய்வில் எடுத்த எண்ணை வைத்து அடைப்பு என்று சொல்வதே அபத்தம். இதயத்தின் ரத்தக்குழாய்களை விரிக்கும் அடினோசின் மருந்தை ஏற்றி, ஓட்டம் எத்தனை மடங்கு கூடுகிறது என்று பார்க்க வேண்டும்.

நாடிப்பிரியர்: நாய்க்கு வந்துவிட்டார்! நான் மனிதனைப் பற்றி எழுதினேன். அடினோசினில் மூன்று மடங்கு ஏறினால் என் 1 மூன்றாகும், உங்கள் 0.7 இரண்டைத் தாண்டவே திணறும். எது ஆரோக்கியம்?

புதியவள்: ஓய்வு என்றால் எது என்று கேட்டிருந்தேன்…

டிகிரி காபி: அடினோசின் என்றதும் நினைவு வருகிறது. 24 மணி நேரம் காபி கூடாது என்றார்கள், நானும் தொடவில்லை. வெறும் டீதான் குடித்துவிட்டுப் போனேன்.

ஸ்கேன்மேசை: டீயிலும் கஃபீன் இருக்கிறது! அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்ளும், ஓட்டம் ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது. உங்கள் அறிக்கையை நம்பாதீர்கள்.

டிகிரி காபி: டீ கூடாதென்று அங்கே ஒருவரும் சொல்லவில்லையே! மருந்து ஏறியதும் நெஞ்சை அழுத்தியதே, அது பொய்யா?

காந்தக்காரர்: டீயைப் பற்றி ஈசிஜி இழையிலேயே எச்சரித்தேன். அன்றைக்கும் நாடிப்பிரியர்தான் சிரித்தார்.

நாடிப்பிரியர்: டீக்குச் சிரிக்கவில்லை, உங்களுக்குச் சிரித்தேன். நடுவர் அந்த இழையை ஏன் பூட்டினார் என்பதையும் சொல்லுங்களேன்.

காந்தக்காரர்: யார் புகார் செய்து பூட்ட வைத்தார் என்பதை முதலில் நீங்கள் சொல்லுங்கள்.