மருந்துச் சீட்டைக் கணினியில் பதிய வேண்டியவர் யார்?

நிரலாளர்:
பொது மருத்துவமனைகளில் கணினி முறை வெற்றி பெற வேகமான சர்வரும் அறுபடாத இணைப்பும் போதும். மருத்துவர் எழுதுவதைப் பதிய ஒரு தட்டச்சாளரை நியமித்துவிடலாம்.

வார்டு மருத்துவர்:
படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஒவ்வாமை உள்ளவருக்குப் பென்சிலின் பதியும்போது திரையில் எச்சரிக்கை எழுவது, அந்த மருந்தை எழுதுகிறவர் அப்போதே மாற்றிக்கொள்வதற்காகத்தான். காலையில் நான் எழுதியதை உங்கள் தட்டச்சாளர் மாலையில் ஏற்றினால், ஊசி போட்ட பிறகு வரும் அந்த எச்சரிக்கையால் யாருக்கு என்ன பயன்? அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் விஸ்டா, 1970களின் இறுதியிலிருந்து மருத்துவர்களும் நிரலாளர்களும் அருகருகே அமர்ந்து வளர்த்த கணினி முறை. அதனால்தான் பல பத்தாண்டுகள் நிலைத்தது. இங்கிலாந்தில் 2002இல் மேலிருந்து திணிக்கப்பட்ட தேசிய மருத்துவக் கணினித் திட்டத்தையோ, 2011இல் அரசே கலைப்பதாக அறிவித்தது. அங்கே சர்வர் வாங்கவா பணம் இல்லை?

நிரலாளர்:
விஸ்டாவைப் பற்றி எனக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம். புறநோயாளி வரிசை வாசல்வரை நீளும்போது மருத்துவர் விசைப்பலகையைத் தேடிக்கொண்டிருந்தால் நோயாளியின் முகத்தை எப்போது பார்ப்பார்? உள்நுழைவை எளிதாக்கச் சொன்ன பழைய கடவுச்சொல் விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் பிடிவாதம் பிடித்தீர்கள்.

ஆய்வு மாணவி:
வெற்றி என்று எதைச் சொல்கிறோம்? தகவல் முறை ஆய்வாளர்களான டிலோன், மெக்லீன் இருவரும் 1992இலேயே முறையின் தரம், தகவலின் தரம், பயன்பாடு, பயனரின் மனநிறைவு, தனிமனிதர் மீதான தாக்கம், நிறுவனத்தின் மீதான தாக்கம் என்று அதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

வார்டு மருத்துவர்:
வரையறை இருக்கட்டும், எச்சரிக்கை மாலையில் வருமா, வராதா? கடவுச்சொல் பற்றியும் நான் சொன்னதே சரி. உள்நுழைவதற்கே நேரம் பிடித்தால், காலையில் ஒருவர் திறந்த கணக்கிலேயே வார்டு முழுவதும் வேலை செய்யும். பிறகு எந்த மருந்தை யார் எழுதினார் என்பதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

மருந்தகப் பணியாளர்:
எங்கள் சிரமத்தை இருவருமே பேசவில்லை. தணிக்கைக்குக் கையொப்பமிட்ட பதிவேடு வேண்டும் என்பதால் ஒரே மாத்திரைக் கணக்கைத் தாளிலும் திரையிலும் இரண்டு முறை எழுதுகிறோம். கூட்டம் மிகுந்தால் முதலில் கைவிடப்படுவது கணினிதான்.

நிரலாளர்:
பதிவேட்டை நிறுத்த ஆணையிட வேண்டியது நிர்வாகம். அந்தப் பழியை மென்பொருளின் மேல் சுமத்தாதீர்கள். தட்டச்சாளரை மருத்துவருக்குப் பக்கத்திலேயே அமர்த்தினால் எச்சரிக்கையும் உடனே வந்துவிடும்.

வார்டு மருத்துவர்:
மாலையில் ஏற்றுவது தவறு என்பதையாவது நேராகச் சொல்லுங்கள். நள்ளிரவில் அவசரப் பிரிவில் நான் தனியாக நிற்கும்போது பக்கத்தில் அமரப்போகிறவர் யார்?

நிரலாளர்:
இரவுப் பணியைப் பற்றி நான் பேசவே இல்லை.