ஹீமடோக்ரிட் 62%: ஏபிடிடி நீள்வது நோயாலா, குழாயாலா?

கேள்வி (ஆய்வகமேசை):
பாலிசைதீமியா வேரா (ரத்த அணுக்கள் மிகையாக உருவாகும் நோய்) நோயாளிகளைச் சேர்க்கும் ஆய்வு. ஒருவருக்கு ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 62%, பிளேட்லெட் மைக்ரோலிட்டருக்கு 7 லட்சம். ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் இரு சோதனைகளில் பிடி 17 விநாடி, ஏபிடிடி 52 விநாடி, இரண்டும் நீளம். ரத்தக்கசிவு இல்லை, ரத்தம் உறையாமலிருக்க மருந்தும் எடுக்கவில்லை. 2.7 மி.லி. நீலமூடிக் குழாய் (உறைவதைத் தடுக்கும் சிட்ரேட் உள்ளது) கோடு வரை நிரம்பியிருக்கிறது, கட்டி இல்லை. மறுபடி எடுத்தும் கிட்டத்தட்ட அதே விடை. நெறிமுறைப்படி ஏபிடிடி நீண்டிருந்தால் சேர்க்க முடியாது. நேரே மிக்ஸிங் டெஸ்ட் (நோயாளியின் பிளாஸ்மாவை இயல்பான பிளாஸ்மாவுடன் பாதிக்குப் பாதி கலந்து பார்ப்பது) போடலாமா?

பதில் (நீலமூடி):
வேண்டாம், அது திசைதிருப்பிவிடும். சிக்கல் சிட்ரேட் அளவில் இருக்க வாய்ப்பு அதிகம். குழாயில் 0.3 மி.லி. சிட்ரேட் இருக்கிறது. ஹீமடோக்ரிட் 45% என்றால் 2.7 மி.லி. ரத்தத்தில் பிளாஸ்மா ஏறக்குறைய 1.5 மி.லி.; 62% என்றால் 1 மி.லி.தான். ஆனால் சிட்ரேட் அதே 0.3 மி.லி.தான். மிஞ்சிய சிட்ரேட், கருவி சேர்க்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது, பிளாஸ்மாவும் நீர்த்துப்போகிறது. பிடி, ஏபிடிடி இரண்டும் பொய்யாக நீளும். இதில் மிக்ஸிங் போட்டால் மிஞ்சிய சிட்ரேட்டும் பாதியாகி நேரம் சரியாகும். உறைதல் காரணிக் குறைபாடு என்று தவறாக எழுதிவிடுவீர்கள்.

ஹீமடோக்ரிட் 55%க்கு மேல் போனால் சிட்ரேட்டைக் குறைக்க வேண்டும்:

சிட்ரேட் (மி.லி.) = 0.00185 × (100 − ஹீமடோக்ரிட்) × ரத்த அளவு

உங்களுக்கு 0.00185 × 38 × 2.7 = 0.19 மி.லி. அதாவது 0.11 மி.லி.யை வெளியே எடுக்க வேண்டும். மூடியைத் திறந்து மைக்ரோபிப்பெட்டால் 110 மைக்ரோலிட்டர் எடுங்கள். வெற்றிடம் போய்விடும், ஆகவே ரத்தத்தைச் சிரிஞ்சில் எடுத்து 2.7 மி.லி. அளந்து விட்டு, மூடி, மெதுவாக மூன்று நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கக் கூடாது.

பழைய விடையைக் கணக்குப் போட்டுத் திருத்த வழியில்லை, புது ரத்தம்தான்.

பதில் (உறைநேரம்):
மேலே சொன்னதோடு ஒன்று: இந்தக் குழாய் கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். மாதிரி வாங்குபவர் 'குறைவாக நிரம்பியது' என்று தள்ளிவிடுவார். 'சிட்ரேட் திருத்தப்பட்டது, ஹீமடோக்ரிட் 62%' என்று லேபிளிலேயே எழுதுங்கள். சிலர் கோடு வரை நிரப்பிவிடுவார்கள், அதுவும் தப்பு.

உறைய வைத்துச் சேமிக்கப்போகிறீர்கள் என்றால் 1500 ஜி-யில் 15 நிமிடம் சுழற்றி, பிளாஸ்மாவைப் பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றி, மறுபடி சுழற்றி, அடியில் கொஞ்சம் விட்டுவிட்டு மேலாக எடுங்கள். பிளேட்லெட் 7 லட்சம் உள்ளவருக்கு ஒரே சுற்றில் மைக்ரோலிட்டருக்கு 10,000க்குக் கீழே வரும் என்று நம்ப முடியாது. மிஞ்சியவை உறைந்து உருகும்போது உடைந்து பாஸ்போலிப்பிடைக் கொட்டும். லூபஸ் ஆன்டிகோயகுலன்ட் (பாஸ்போலிப்பிடைச் சார்ந்த உறைதல் சோதனைகளை நீட்டும் எதிர்ப்பொருள்) இருந்தாலும் சோதனையில் மறைந்துபோகும். ஒரு குழாயில் பிளாஸ்மாவும் அதிகம் தேறாது, இரண்டாக எடுங்கள்.

ஆய்வகமேசை:
திருத்தி எடுத்தும் நீண்டே இருந்தால்?

நீலமூடி:
அப்போது மிக்ஸிங். ரத்தம் லைனிலிருந்து (நரம்பில் பொருத்திய குழாயிலிருந்து) எடுத்ததென்றால் அதற்கு முன் த்ராம்பின் டைம் என்ற சோதனை. அது மட்டும் நீண்டு, ஹெப்பாரினால் பாதிக்கப்படாத ரெப்டிலேஸ் டைம் சரியாக இருந்தால், லைனிலிருந்து ஹெப்பாரின் (உறைவதைத் தடுக்கும் மருந்து) கலந்திருக்கிறது. பிளேட்லெட் 10 லட்சத்தைத் தாண்டும் நோயாளிகளுக்கு ஏபிடிடி எப்படி இருந்தாலும் வான் வில்லிபிராண்ட் காரணியின் (பிளேட்லெட்டை ஒட்டவைக்கும் புரதம்) ஆன்டிஜென்னையும், அதாவது அளவையும், செயல்பாட்டையும் சேர்த்துப் பாருங்கள். பெறப்பட்ட (பிறவியில் இல்லாமல் பின்னால் வந்த) வான் வில்லிபிராண்ட் குறைபாட்டில் ஏபிடிடி இயல்பாகவே வரலாம். அந்த மாதிரியை முழு ரத்தமாக ஐஸில் வைத்து அனுப்பாதீர்கள், குளிரில் வான் வில்லிபிராண்ட் அளவு பொய்யாகக் குறையும்.