ஆய்வுக் கட்டுரை ஒன்றை வகுப்பில் எடுத்துரைக்க உதவி வேண்டும்

குழுவிலுள்ள செவிலிய ஆசிரியர்களுக்கும் மூத்த செவிலியர்களுக்கும் வணக்கம். நான் தஞ்சாவூரில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். லிண்டா ஐக்கன் குழுவினர் 2002ஆம் ஆண்டு ஜாமா (JAMA) என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரையை வகுப்புத் தோழிகளுக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு எனக்கு வந்துள்ளது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை நோயாளிகளை உட்படுத்திய அந்த ஆய்வு, ஒரு செவிலியரின் பொறுப்பில் மேலும் ஒரு நோயாளி சேரும்போது, அனுமதிக்கப்பட்ட 30 நாள்களுக்குள் நோயாளி இறப்பதற்கான 'ஆட்ஸ்' (odds: இறப்போர் எண்ணிக்கையைப் பிழைப்போர் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் விகிதம்) 7 சதவீதம் உயர்வதாகக் கூறுகிறது.

இந்த 7 சதவீதத்தை விளக்குவதில்தான் சிக்கல். நூறு பேரில் கூடுதலாக ஏழு பேர் இறப்பார்கள் என்றே கேட்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இது ஒப்பீட்டு உயர்வு. ஆட்ஸ் நூற்றுக்கு 2 என்றிருந்தால் 2.14 ஆகும், அவ்வளவே. பள்ளிப் படிப்பைத் தமிழ் வழியில் முடித்தவர்களுக்கும் தெளிவாகும்படி இதைக் கரும்பலகையில் எப்படிக் காட்டலாம்? (கல்லூரி புரொஜெக்டரை நம்ப முடியாது.)

இது ஒரே காலகட்டத்தின் தகவல்களை ஒப்பிடும் குறுக்குவெட்டு ஆய்வு என்பதால் தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மேலும், நோயாளிக்குத் துணையாக வந்த உறவினரே சோறூட்டி, உடல் துடைத்து, பாதிப் பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும் கும்பகோணம், திருவாரூர் பக்கத்து வார்டுகளுக்கு இம்முடிவை அப்படியே பொருத்துவது சரியாகாது என்பது என் கருத்து. இக்கருத்தை எடுத்துரைப்பிலேயே சேர்ப்பதா, கலந்துரையாடலுக்கான கேள்வியாக வைப்பதா என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.